கடைசி பஸ்ஸை வைத்துத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சனிக்கிழமை இரவு. நாளைக்கு எங்காவது மலைப்பக்கம் நடக்கப் போகலாம் என்று முடிவாகிவிட்டது. கார் இல்லை, வாடகைக்கு எடுக்கும் எண்ணமும் இல்லை. போனில் நாலைந்து தடங்களைத் திறந்துவைத்து, எதில் காட்சி நன்றாக இருக்கும், எதில் ஓடை வருகிறது என்று புரட்டிக்கொண்டிருப்போம். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போதெல்லாம் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுகிறேன்: நடை முடிகிற இடத்தில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு வண்டி வருகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு.

காரில் போகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் அவருக்கு வேறொரு கட்டு உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே வந்து சேர வேண்டும். அதனால் அவர் நடப்பதெல்லாம் ஒன்று வட்டமாக இருக்கும், இல்லாவிட்டால் போன வழியே திரும்புவதாக இருக்கும். நாம் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறி, முகட்டோடு நடந்து, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறொரு ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வரலாம். கார் இல்லாமல் மலைக்குப் போவதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். இந்த ஒரு விஷயத்தில் நம் கைதான் ஓங்கியிருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் காரில் போகிறவர்கள் எழுதிவைத்த தடங்களையே நாமும் நடந்துகொண்டிருக்கிறோம்.

பெருநகரங்களை ஒட்டிய தடங்களைப் போய்ச் சேரும் விதத்தை வைத்துப் பிரித்தால், ஸ்டேஷன் வாசலிலேயே தொடங்கும் மலை ஒரு வகை. ஒரு முனையில் பஸ்ஸும் மறுமுனையில் ரயிலும் உள்ளது இன்னொன்று. இரண்டு முனையிலும் ரயில் உள்ளது மூன்றாவது. விடுமுறை நாளில் மட்டும் வண்டி ஓடும் இடம் நாலாவது. வட்டத் தடமும் கேபிள் காரும் தனிக் கதை, கடைசியில் வருகிறேன்.

ஸ்டேஷன் வாசலில் மலை

டோக்கியோவின் தகாவோ மலைதான் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். உயரம் 599 மீட்டர். நகரத்தின் பெரிய ஸ்டேஷனான ஷிஞ்சுகுவில் கெய்யோ நிறுவனத்தின் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோசான்குச்சி ஸ்டேஷன். வெளியே வந்து சில நிமிஷம் நடந்தால் தடம் தொடங்கிவிடும். 1 முதல் 6 வரை எண் போட்ட தடங்கள், அதற்கு மேல் இனாரியாமா முகட்டுத் தடம். சியோலில் புக்கன்சான் மலை நகரத்தின் விளிம்பிலேயே எழுந்து நிற்கிறது. உச்சி 836 மீட்டர். 2017-ல் திறந்த மெட்ரோ பாதை ஒன்றின் கடைசி ஸ்டேஷனுக்கே புக்கன்சான் உய் என்றுதான் பெயர். சூரிச் இன்னும் ஒரு படி மேல். அங்கே 1875-லிருந்து ஊட்லிபெர்க் மலைக்கு ரயிலே ஏறிப் போகிறது, நகரத்தின் பெரிய ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

இந்த வகையின் பலம், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது. பாதி வழியில் முட்டி வலித்தாலும், வானம் கறுத்தாலும், கூட வந்த சின்னப் பையன் இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாலும் திரும்பி இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். முதல்முறை மலையேறுகிறவருக்கும், குழந்தைகளையோ பெரியவர்களையோ கூட்டிப் போகிறவருக்கும் நான் வேறு எதையும் சொல்லமாட்டேன்.

பலவீனமும் அதே காரணத்தால்தான். நமக்குச் சுலபமாக இருப்பது ஊருக்கே சுலபம். இலை சிவக்கும் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் தகாவோவுக்குப் போனால் கேபிள் காருக்கு வரிசை, உச்சியில் நிற்க இடம் தேட வேண்டும். புக்கன்சானின் கடைசிப் பாறை ஏற்றத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். வார இறுதியில் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே காத்திருக்கும்படி ஆகும். தப்பிக்க வழி மலையை மாற்றுவதல்ல, தடத்தை மாற்றுவதுதான். தகாவோவில் 1-ஆம் எண் தடம் பெரும்பாலும் சிமென்ட் பாதை, கூட்டம் முழுக்க அதில்தான் போகும். ஓடையை ஒட்டி ஏறும் 6-ஆம் எண்ணோ இனாரியாமாவோ எடுத்தால் காட்டில் நடக்கும் உணர்வாவது கிடைக்கும்.

பஸ்ஸில் போய் ரயிலில் திரும்புவது

எனக்குப் பிடித்த வகை இது. விளக்க மறுபடியும் தகாவோவுக்கே வருகிறேன், ஏனென்றால் ஒரே மலையில் இரண்டு வகையும் இருப்பதால் ஒப்பிட வசதி.

தகாவோவுக்கு மேற்கே ஜின்பா என்ற மலை, 855 மீட்டர். நடுவில் 727 மீட்டர் உயர ககெனொபு. ஜின்பாவிலிருந்து தகாவோ வரை தொடர்ந்து முகடு, நடை 15 கிலோமீட்டருக்கு மேல் வரும். தகாவோ ஸ்டேஷனின் வடக்கு வாசலிலிருந்து ஜின்பா அடிவாரத்துக்கு பஸ் இருக்கிறது, ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம். (தகாவோ ஸ்டேஷனும் தகாவோசான்குச்சி ஸ்டேஷனும் வேறு வேறு. அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். பெயர் மயக்கத்தில் மாற்றி இறங்கினால் பஸ் போய்விடும்.) இந்த முகட்டை எந்தப் பக்கமிருந்தும் நடக்கலாம். வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடுதான். வண்டி நேரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நடை.

காலையில் பஸ் ஏறி ஜின்பாவில் தொடங்குகிறவர், நாளின் ஆரம்பத்திலேயே நேரத்துக்குக் கட்டுப்பட்ட வண்டியைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறார். அதன்பிறகு அவர் நடப்பது நகர ரயில் வந்துபோகும் ஸ்டேஷனை நோக்கி. ஐந்து மணிக்கு வந்தாலும் ஏழு மணிக்கு வந்தாலும் வித்தியாசம் ஒரு ரயில்தான். மாறாக, தகாவோவில் தொடங்கி ஜின்பாவில் இறங்குகிறவர் மதியத்துக்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் மணி பார்ப்பார். உச்சியில் உட்கார மனசு வராது. இறக்கத்தில் ஓடுவார். கால் பிசகுவது பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர் தடம், மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்று வையுங்கள். மூன்று மணி நேரம், கூடவே ஒன்றரை. ஆக நாலரை. ஆனால் இது நிற்காமல், நல்ல பாதையில், பழகிய கால்களோடு நடக்கிறவர் கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, வழி தவறித் திரும்புவது, கூட்டத்தில் மெதுவாக நடக்கும் ஒருவர், எல்லாம் சேர்ந்தால் ஆறரை மணி நேரமும் ஆகலாம். அதாவது நடை எப்போது தொடங்கும் என்பதைக் கால் மணி நேரத் துல்லியத்தில் சொல்ல முடியும். எப்போது முடியும் என்பதை இரண்டு மணி நேரத் துல்லியத்தில்கூடச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, மணிக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ வரும் வண்டியை நிச்சயமான பக்கத்தில் வைப்பதா, நிச்சயமில்லாத பக்கத்தில் வைப்பதா?

அரிய வண்டி காலையில், அடிக்கடி வரும் வண்டி மாலையில். தடத்தின் திசையை நான் இதை வைத்தே முடிவு செய்கிறேன். விதிவிலக்கு உண்டு. காலையில் முதல் பஸ்ஸே பதினொரு மணிக்குத்தான் என்றால் இந்த யோசனை பலிக்காது. பாதி நாள் ஸ்டாப்பிலேயே போய்விடும். அப்போது திசையைத் திருப்பிப் போட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைக் குறிவைக்க வேண்டும். கடைசி பஸ்ஸைக் குறிவைத்துத் திட்டம் போடுவது திட்டமே அல்ல.

நேர அட்டவணையே இல்லாத வண்டிகளும் உண்டு. மும்பையின் புறநகர் ரயிலில் நேரல் வரை போய், அங்கிருந்து மாத்தேரான் என்ற மலை ஊருக்கு ஏறுகிறவர்களுக்குத் தெரியும். மாத்தேரான் ஊருக்குள் கார், டாக்ஸிகளுக்கு அனுமதி இல்லை. ஷேர் டாக்ஸிகள் தஸ்தூரி என்ற இடத்தோடு நின்றுவிடும், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். பக்கத்து ஸ்டேஷனான பிவ்புரி ரோட்டில் இறங்கி, கார்பெட் பாயின்ட் வழியாக மாத்தேரான் ஏறி, தஸ்தூரியில் டாக்ஸி பிடித்து நேரல் வருவது நல்ல குறுக்கு நடை. ஞாயிறு மாலையில் இது சிக்கலில்லாமல் நடக்கும், எல்லோரும் கீழே போகிற நேரம் அது, வண்டி நிரம்ப நேரமாகாது. வார நாளில் அதே இடத்தில் மூன்று பேராக உட்கார்ந்து, மீதி இடத்துக்கும் நாமே காசு கொடுத்துவிடலாமா என்று யோசிக்க வேண்டிவரும்.

இரண்டு பக்கமும் ரயில்

கேட்கும்போது இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது போலத் தோன்றும். நிஜமாகவே நல்லதுதான், ஆனால் இரண்டு ஸ்டேஷனும் சமமாக இருப்பது அபூர்வம். லண்டனிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு முனையில் சீஃபோர்டு, கிழக்கு முனையில் ஈஸ்ட்போர்ன். நடுவில் ஏறி இறங்கி 20 கிலோமீட்டருக்கு மேல். ஈஸ்ட்போர்னுக்கு லண்டனிலிருந்து நேர் ரயில். சீஃபோர்டு ஒரு கிளைப் பாதையின் கடைசி, வழக்கமாக லூயிஸ் ஸ்டேஷனில் மாறித்தான் போக வேண்டும். காலையில் தூக்கம் தெளிந்த தலையோடு மாறுவது வேறு, மாலையில் செத்த கால்களோடு மாறுவது வேறு. ஆகவே சீஃபோர்டில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடிப்பதே என் கட்சி. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

இந்தத் தடத்தில் இன்னொரு நல்லது, நடுவில் ஒரு கதவு இருக்கிறது. வழியில் குக்மியர் ஆறு கடலில் சேருகிறது. முகத்துவாரத்தில் பாலம் இல்லை. அதனால் தடம் உள்ளே வளைந்து எக்ஸீட் என்ற இடத்தில் ஆற்றைக் கடக்கிறது, அந்த இடத்தில் பஸ் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு நடந்தபிறகு இது நமக்கு ஆகாது என்று தோன்றினால் கௌரவமாகக் கழன்றுகொள்ளலாம். நீளமான தடம் எதுவானாலும் இப்படி ஒரு கழலும் இடம் இருக்கிறதா, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது காட்சிமுனைகளை எண்ணுவதைவிட முக்கியம்.

சின்ன அளவில் வேண்டுமானால் சூரிச். ரயிலில் ஊட்லிபெர்க் ஏறி, முகட்டோடு ஃபெல்செனெக் வரை நடந்து, கேபிள் காரில் அட்லிஸ்வில் இறங்கி, வேறு ரயிலில் ஊர் திரும்பலாம். நடை இரண்டு மணி நேரத்துக்குள். வழியில் சூரியனும் கோள்களும் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். உள்ளே இருக்கும் நான்கு கோள்கள் சட்டென்று வந்துபோய்விடும், அப்புறம் நடந்துகொண்டே இருப்போம். ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதையும் ரயிலே செய்துவிடுகிறது என்பதால் இதை மலையேற்றம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விடுமுறைக்கு மட்டும் வரும் வண்டி

ஹாங்காங்கில் 96ஆர் என்று ஒரு பஸ். டயமண்ட் ஹில் மெட்ரோவிலிருந்து சாய் குங் காட்டுப் பூங்காவுக்குள் வோங் ஷெக் படகுத்துறை வரை போகும், விடுமுறை நாள் கூட்டத்துக்காகவே விடப்பட்டது. 1979-ல் திறந்த 100 கிலோமீட்டர் நீள மெக்லிஹோஸ் தடத்தின் முதல் பகுதிகளுக்கு இது கைக்கெட்டும் வழி. வார நாளில் போனால் சாய் குங் ஊர் வரை ஒன்று, அங்கிருந்து 94-ஆம் எண் பஸ் ஒன்று என்று மாறிப் போக வேண்டும். நியூயார்க்கிலிருந்து வடக்கே போகும் ஹார்லெம் ரயில் பாதையில் அப்பலாச்சியன் டிரெய்ல் என்றே பெயர் கொண்ட ஒரு நிறுத்தம் இருக்கிறது. 3,500 கிலோமீட்டர் நீளத் தடம் அந்தத் தண்டவாளத்தைக் கடந்து போகிறது. வார இறுதியிலும் விடுமுறையிலும் மட்டும் ரயில் நிற்கும், அதுவும் ஒருசில ரயில்கள்தான்.

இப்படிப்பட்ட வண்டிகள் நல்ல தடங்களின் வாசலிலேயே கொண்டுபோய் விடும், நடக்க வருகிறவர்களுக்காகவே ஓட்டுவதால். விலை என்னவென்றால், நாம் போகும் நாளில்தான் மற்றவர்களும் போவார்கள். அதோடு நேர அட்டவணையை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். நான் ஒருமுறை படிக்கவில்லை. எந்த ஊர் என்பது வேண்டாம். மலையிலிருந்து இறங்கி ஸ்டாப்புக்கு வந்தபோது மணி நாலே முக்கால். பலகையில் 5.10-க்கு பஸ் என்று போட்டிருந்தது. நிம்மதியாக ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டினேன். 5.10 ஆனது, 5.25 ஆனது. எழுந்துபோய்ப் பலகைக்குக் கிட்டத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால் 5.10-க்கு மேலே கடுகளவு ஒரு முக்கோணம். கீழே வெயிலில் வெளுத்த எழுத்தில் அதற்கு விளக்கம்: பள்ளி நாட்களில் மட்டும். அன்று ஞாயிறு. அடுத்த கிராமம் வரை ஏழு கிலோமீட்டர் தார் ரோட்டில் நடந்தேன். மலையில் நடந்த பதினாலு கிலோமீட்டர் இன்று அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது, அந்த ஏழு மறக்கவில்லை.

போன் செயலி காட்டுமே என்பார்கள். போக்குவரத்து நிறுவனம் எதை ஏற்றி வைத்ததோ அதைத்தான் செயலி காட்டும். நாம் சனிக்கிழமை இரவு தேடும்போது பல செயலிகள் இப்போதே கிளம்பினால் என்ற கணக்கில் சனிக்கிழமை வண்டிகளைக் காட்டும். தேதியையும் நேரத்தையும் நாளை மாலைக்கு மாற்றி, திரும்பும் பயணத்தைத் தனியாக ஒருமுறை தேட வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

எத்தனை பேர் போகிறோம்

ஒப்பீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று இது. ஹாங்காங்கின் டிராகன்ஸ் பேக் தடம் நகரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் நல்ல பாதி நாள் நடை. உச்சமான ஷெக் ஓ பீக் 284 மீட்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் கடல். ஷாவ் கெய் வான் மெட்ரோவில் இறங்கி 9-ஆம் எண் பஸ்ஸில் தோ தெய் வான் போய்த் தொடங்கி, பிக் வேவ் பே கடற்கரையில் முடிக்கலாம். முடிகிற இடத்தில் ஏற வேண்டியது மினி பஸ். அங்கே மினி பஸ்ஸில் நின்றுகொண்டு போக அனுமதி இல்லை. 16-ஆக இருந்த இருக்கை வரம்பை 2017-ல் 19 ஆக்கினார்கள், அவ்வளவுதான். ஒருவர் இருவராகப் போனால் எப்படியும் இடம் கிடைக்கும். எட்டுப் பேராக நின்றால் பாதிப் பேர் ஏறி மீதிப் பேர் கையசைக்க வேண்டியதுதான். பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கு முடிவில் ரயிலோ பெரிய பஸ்ஸோ உள்ள தடம்தான் சரி, அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

வட்டமும் கேபிள் காரும்

வட்டத் தடம் காருக்குத்தான் என்று மேலே சொன்னேன். வியன்னா அதற்கு மறுப்பு. அங்கே நகர நிர்வாகமே எண் போட்ட நடைத்தடங்கள் வைத்திருக்கிறது. 1-ஆம் எண் தடம் ‘டி’ என்ற எழுத்துள்ள டிராமின் கடைசி நிறுத்தமான நுஸ்டார்ஃபில் தொடங்கி 484 மீட்டர் உயர காலன்பெர்க் ஏறி அங்கேயே திரும்பும், 11 கிலோமீட்டர். டிராம் நாள் முழுக்க வரும், மேலே காலன்பெர்க்கிலிருந்து 38ஏ பஸ்ஸும் கீழே வரும். முனை உறுதியாக இருந்தால் வட்டத்திலும் குறை ஒன்றுமில்லை. முகட்டைக் கடந்து வேறிடம் போகும் சுகம் மட்டும் கிடைக்காது.

கேபிள் காரைத் திரும்பும் வழியாக நம்பும்போது யோசிக்க வேண்டும். கேப் டவுனின் டேபிள் மலைக்கு 1929-லிருந்து கேபிள் கார் ஓடுகிறது. பிளாட்டெக்ளிப் பள்ளத்தின் வழியாக நடந்து ஏறி கேபிள் காரில் இறங்குவது பலரும் போடும் திட்டம். காற்று பலத்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், ஏறத் தொடங்கும்போது ஓடியது உச்சிக்குப் போகும்போது ஓடாமல் இருக்கலாம். அப்போது ஏறிய அதே செங்குத்துப் படிகளில் இறங்க வேண்டும். அதற்கு முட்டியும் தண்ணீரும் மிச்சம் இருக்கிறவர்கள் இந்தத் திட்டத்தைப் போடலாம். மற்றவர்கள் கேபிள் காரில் ஏறி, மேலே நடந்துவிட்டு வரட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் என்னிடம் வந்து, ஆறு மணி நேரம் நடப்பேன், தனியாகவோ இன்னொருவரோடோ போகிறேன், எதை எடுக்கட்டும் என்று கேட்டால் பஸ்ஸில் போய் ரயிலில் திரும்பும் முகட்டுத் தடத்தைத்தான் காட்டுவேன். மூன்று மணி நேரம்தான் என்றால் ஸ்டேஷன் வாசல் மலை, கூட்டமில்லாத தடம், காலை முதல் ரயில். வார நாளில் லீவு போட முடிகிறவர் விடுமுறை வண்டியை நம்பாமல் இரண்டு ஸ்டேஷன் நடையைப் பார்க்கலாம். பாதை அநேகமாகக் காலியாக இருக்கும்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடாமல் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க ஸ்டாப்பைப் பாருங்கள். பல மலைக் கிராமங்களில் எதிர்ப்பக்கத்தில் ஸ்டாப்பே இருக்காது. பஸ் ஊரைச் சுற்றிவிட்டு நாம் இறங்கிய பக்கமே வந்து நிற்கும், இல்லாவிட்டால் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தடியில் நிற்கும். அட்டவணையைப் போனில் படம் எடுத்து, முக்கோணம், நட்சத்திரம் ஏதாவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பஸ் கிளம்பியிருக்கவில்லை என்றால் டிரைவரிடமே கேட்டுவிடுங்கள், சாயந்தரம் அந்த வண்டியை ஓட்டப்போவதும் பெரும்பாலும் அவரேதான்.